இடது கையில் முப்பத்தொன்று

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து, ஒரு பள்ளிக்கூட அறிவியல் ப்ராஜெக்டைப் பார்த்த ஏழாவது நொடியில் அதைச் செய்தது பிள்ளையா, அப்பாவா, மாமாவா, கடைக்காரரா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் உயரம் ஐந்தடி ஆறங்குலம், ரத்தம் பி பாசிட்டிவ் என்று சொல்வதுபோலத்தான் இதையும் சொல்கிறேன்.

இந்தத் திறமை சும்மா வரவில்லை. பத்தாம் வகுப்பில் எனக்கு முதல் பரிசு வாங்கித் தந்த ஹைட்ராலிக் கிரேனை நான் முதன்முதலாகப் பார்த்ததே பரிசளிப்பு மேடையில்தான். செய்தவர் என் தாய்மாமா. குடியாத்தத்தில் பவர்லூம் மெக்கானிக். இது எப்படி வேலை செய்கிறது என்று நடுவர் கேட்டபோது, "நல்லா வேலை செய்யுது சார்" என்றேன். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: இந்த உலகத்தில் பரிசு வாங்கும் எந்த ப்ராஜெக்டையும் எந்தப் பிள்ளையும் செய்வதில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் வேதியியல் படித்தும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளும்படி எதுவும் கண்ணில் படவில்லை.

பி.எட். இரண்டாம் ஆண்டில் பயிற்சிக்காக என்னை ஆம்பூரில் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 'மாணவர்களின் ஆக்கச் சிந்தனையைச் செயல்திட்டவழிக் கற்றல் எவ்வாறு வளர்க்கிறது' என்ற பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு நான் பதிமூன்று வாங்கியிருந்தேன். அதனால் ஆக்கச் சிந்தனை என்றால் என்ன என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது. ஒரு முன்னுரை, ஆறு துணைத்தலைப்பு, நடுவில் ஒரு வட்டப்படம், முடிவுரை.

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் சௌமியா மேடம். என் பயிற்சிக்கு அவர்தான் பொறுப்பு. முதல் நாளே என்னை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய், "மகேந்திரன், நம்ம பசங்க மாடல்லாம் செய்ய மாட்டாங்க. கேள்விதான் எடுத்துனு வருவாங்க" என்றார்.

"இன்னா கேள்வி மேடம்?"

"வீட்ல யாராவது ஒருத்தர் ஒரு விஷயத்த அடிச்சு சொல்வாங்க இல்ல, அப்படித்தான், எனக்குத் தெரியும்னு. அது நெசமான்னு பாக்கணும். எப்படிப் பாக்கறதுன்னு அவங்களே யோசிக்கணும். அவ்ளோதான் ப்ராஜெக்ட்."

ஒவ்வொரு பெண்ணின் நோட்டிலும் பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் 'சரி', அந்தப் பக்கம் 'தப்பு'. தப்புப் பக்கம் காலியாக இருந்தால் மேடம் நோட்டை வாங்கமாட்டார். "நீ சரியா பாக்கல. போய்த் திரும்பப் பாரு" என்று அனுப்பிவிடுவார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த கணக்குக்காரன் செல்வகுமாரிடம், "நம்ம தப்ப நாமே எண்ணி, ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, நோட்டுல எழுதி வெக்கணுமாம்டா. போலீஸுக்கு வேல கம்மி பண்றாங்க" என்றேன். அவனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அந்த வரவேற்பைப் பார்த்து, அதையே மறுநாள் பஸ்ஸில் சொன்னேன். ஹாஸ்டலில் நடித்துக் காட்டினேன். எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில், ஒரு பையன் கல்யாணப் பத்திரிகையில் கோடு போட்டு 'தப்பு' பக்கத்தில் தன் பெயரை எழுதுவதுபோலப் படம் வரைந்து போட்டேன். நாற்பத்தொரு பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். எண்ணிப் பார்த்ததால் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சௌமியா மேடம் என்னைக் கூப்பிட்டார். "மாவட்டக் கண்காட்சிக்கு மூணு ப்ராஜெக்ட் அனுப்பணும். மொத்தம் முப்பத்து நாலு இருக்கு. நீங்க ஒரு தடவ பாத்து, சேக்கலாமா வேணாமான்னு ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழம மூணு மணிக்குள்ள பட்டியல் ஆபீஸுக்குப் போகணும்."

முப்பத்து நான்கை ஏழால் பெருக்கினால் இருநூற்று முப்பத்தெட்டு. நான்கு நிமிடத்துக்கு இரண்டு நொடி கம்மி. மீதி நேரத்தில் டீ குடிக்கலாம் என்று லேபுக்குள் போனேன்.

பெண்கள் அவரவர் ப்ராஜெக்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். வாழைநாரில் கட்டின மல்லி வாடாது, நூலில் கட்டினால் வாடிவிடும் என்று நித்யஸ்ரீ என்ற பெண்ணின் அம்மா அடித்துச் சொல்வாராம். இரண்டும் ஒரே நேரத்தில் வாடியதை ஐந்து நாள் எழுதிவைத்திருந்தாள்.

"அம்மா இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"பூ சரியில்லன்னாங்க சார்."

இது பிள்ளை செய்தது. அடுத்தது அக்கா செய்தது. அதற்கடுத்தது டியூஷன் மாஸ்டர். இப்படி எட்டுப் பேரை நின்ற இடத்திலேயே பிடித்தேன். கேட்டவுடனே மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு லீவு போட்டிருந்த மூன்று பேரின் ப்ராஜெக்டுகள் மட்டும் ஆளில்லாமல் மேசையில் இருந்தன. அதில் இரண்டுக்கும் ஏழு நொடி போதுமாக இருந்தது.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஷூ டப்பா. உள்ளே விரல் நீளத்துக்கு வெட்டிய தோல் துண்டுகள், ஒவ்வொன்றின் பின்பக்கமும் பால்பாயின்ட் பேனாவில் ஒரு எண். பக்கத்தில் நோட்டு. அட்டையில் 'அப்பாவின் விரல், முபஷ்ஷிரா, ஒன்பது பி'. முதல் பக்கத்தில் அவள் கேள்வி இருந்தது. அவளுடைய அப்பா இஷ்தியாக் அகமது தோல் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். இரண்டு தோலை விரலால் தொட்டே எது தடிமன் என்று சொல்லிவிடுவாராம், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருந்தாலும். துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டி, இரண்டிரண்டு துண்டாகக் கொடுத்துக் கேட்டிருக்கிறாள். வலது கைக்கு நாற்பது முறை, இடது கைக்கு நாற்பது முறை. வலது கையில் சரி இருபத்திரண்டு, தப்பு பதினெட்டு. இடது கையில் சரி முப்பத்தொன்று, தப்பு ஒன்பது. கீழே ஒரு வரி: 'அப்பா வலது கைக்காரர். ஃபேக்டரியில் வலது கையால்தான் பார்ப்பார். ஏன் இப்படி என்று தெரியவில்லை.'

ஏழு நொடி போனது. எழுபது நொடி போனது.

மற்றவர் செய்த ப்ராஜெக்டில் நான் பார்க்கும் அடையாளங்கள் உண்டு. நேராக வெட்டிய தெர்மாகோல், பிள்ளைக்கு வாசிக்க வராத ஆங்கிலத் தலைப்பு, கடைசிப் பக்கத்தில் 'இயற்கையைக் காப்போம்'. இதில் அப்படி ஒன்றும் இல்லை. கையெழுத்து கோணல். அடித்தல் திருத்தல் ஜாஸ்தி. பதில் எதிர்பார்த்தபடி வரவில்லை. வராததற்குக் காரணமும் தெரியவில்லையாம். ஒரு அடையாளமும் இல்லை என்பதுதான் எனக்கு இடித்தது. அடையாளம் எதையும் விட்டுவைக்காமல் செய்திருக்கிறார்கள் என்றால், செய்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

மூன்றாவது தடவை புரட்டியபோது சிக்கியது. எண்கள் இருந்த பக்கத்தின் உச்சியில், அவள் கையெழுத்திலேயே, ஸ்கெட்ச் பேனாவில், அடிக்கோடும் போட்டு எழுதியிருந்தாள்: 'அப்பா செய்தது'.

எத்தனை சாமர்த்தியமாக இருந்தாலும் ஒரு இடத்தில் உண்மை வெளியே வந்துவிடும். நோட்டை மூடினேன்.

இருந்தாலும் நான் நியாயமானவன். ஒரே சாட்சியை வைத்து எழுதக்கூடாது என்று ஒரு நாள் காத்திருந்தேன். புதன்கிழமை மத்தியானம் இரண்டாவது சாட்சி தானாகவே டி.வி.எஸ். மொபட்டில் வந்து பள்ளி கேட்டில் இறங்கியது. கதர்ச் சட்டை, ஒட்ட வெட்டிய தாடி, கையில் டிஃபன் கேரியர். "ஒன்பது பி முபஷ்ஷிரா. அவங்க அப்பா வந்திருக்கேன்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, போனில் பேச ஆரம்பித்தார். நான் குனிந்து ஷூ லேஸ் கட்டுவதுபோலப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் செருப்பு போட்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

"சின்னசாமி, இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பண்ற" என்று அவர் போனில் சொன்னார். "வெள்ளிக்கெழம செலக்‌ஷன்ல நான்தான உக்கார்றேன். நம்மளது ஃபர்ஸ்ட்லதான் வரும். பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ வாய மூடினு இரு."

வெள்ளிக்கிழமை. செலக்‌ஷன். நம்மளது ஃபர்ஸ்ட். பெரியவர்.

எனக்குப் புல்லரித்தது. மாவட்டக் கண்காட்சித் தேர்வில், ஒரு ஒன்பதாம் வகுப்பு ப்ராஜெக்டுக்காக, இவ்வளவு பெரிய ஏற்பாடு. சௌமியா மேடத்தையும் அந்த நிமிடம் முதல் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்த்தேன். பெரியவர் என்றது யாரை என்று தெரியவில்லையே.

முபஷ்ஷிரா ஓடி வந்து கேரியரை வாங்கிக்கொண்டாள். ஒல்லியான பெண், மூக்குக் கண்ணாடி. அவளிடமே கேட்டிருக்கலாம்தான். சந்தேகத்துக்கு உரியவரிடமே போய்க் கேட்பது என் முறை இல்லை. அன்று சாயங்காலம் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே, பச்சை மையில், 'பெற்றோர் செய்தது. தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பீரியட் அறிவியல். மேடம் பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டியலை அப்படியே வகுப்பில் வாசித்தார். சேர்க்க வேண்டாம் என்று நான் போட்ட பதினொரு பெயரில் பத்துப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதினொன்றாவது ஆள் எழுந்து நின்றாள்.

"சார், இது எங்க அப்பா செஞ்சார்னு எப்படித் தெரிஞ்சது சார்?"

"உன் நோட்டே சொல்லுதும்மா." நான் மேசையில் இருந்த நோட்டைத் திறந்து காட்டினேன். "நீயே எழுதியிருக்க. 'அப்பா செய்தது'. இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார்." "அடுத்த பக்கம் பாத்தீங்களா சார்?"

அடுத்த பக்கம் திருப்பினேன். அதே ஸ்கெட்ச் பேனா, அதே அடிக்கோடு. 'அம்மா செய்தது'. அதற்கடுத்த பக்கம் 'நான் செய்தது'. அம்மா நாற்பதுக்கு இருபத்தொன்று. அவள் பத்தொன்பது.

"கண்ணக் கட்டினு தொட்டுப் பாத்தது சார். அப்பா செஞ்சது கைக்கு நாப்பது வாட்டி, அம்மா செஞ்சது நாப்பது வாட்டி. எங்க அம்மா தோலே தொட்டதில்ல. சும்மா குருட்டாம்போக்குல சொன்னா எவ்ளோ வருதுன்னு தெரியணும் இல்ல சார், அதுக்கு. அப்பாவோட வலது கையும் எங்க அம்மாவும் ஒண்ணுதான்."

பின் பெஞ்சில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். சௌமியா மேடம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருந்தது.

நான் அசரவில்லை. என்னிடம் இரண்டாவது சாட்சி இருந்தது. "சரி. புதன்கிழம உங்க அப்பா கேட்டாண்ட போன்ல இன்னா பேசினார்னு உனக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழம செலக்‌ஷன்ல அவர்தான் உக்காரப்போறாராம். நம்மளதுதான் ஃபர்ஸ்ட்ல வருமாம். இன்னைக்கு வெள்ளிக்கிழம. இதுக்கு இன்னா சொல்ற?"

மீதி முப்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது நிற்பதாகத் தெரியவில்லை. மேடம் டஸ்டரால் மேசையைத் தட்டினார், ஆனால் அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"சார், எங்க அப்பாவுக்கு வேலையே செலக்‌ஷன்தான் சார்" என்றாள் முபஷ்ஷிரா. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "லோடு வந்தா ஒவ்வொரு தோலா தொட்டுப் பாத்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு பிரிப்பாங்க. அதுதான் சார் செலக்‌ஷன். பதினஞ்சு வருசமா அதுலதான் உக்கார்றார்."

"பெரியவர்?"

"மொதலாளியோட அப்பா சார்."

நித்யஸ்ரீ கையைத் தூக்கினாள். "சார், எங்க சித்தப்பா ரிஜெக்‌ஷன்ல இருக்கார். அவர் ஃபெயிலுன்னு நெனச்சிடாதீங்க."

"உக்காரு நித்யஸ்ரீ" என்றார் மேடம்.

ஆம்பூரில் இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்த எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் செலக்‌ஷன் என்றால் தேர்வுதான். ஆனாலும் சாட்சிகள் இரண்டும் போனாலும் தீர்ப்பு தீர்ப்புதான் என்று நான் நின்றேன். "அதெல்லாம் போகட்டும். ஒரு ப்ராஜெக்டப் பாத்தா எனக்குத் தெரியும். இது நீ செஞ்சது இல்ல. அவ்ளோதான்."

அப்போதுதான் அவள் குரல் மாறியது. சத்தம் கூடவில்லை, குறைந்தது.

"சார், எங்க அப்பா தப்பா வந்தாலும் வரட்டும்னு எம்பது வாட்டி கண்ணக் கட்டினு உக்காந்தார். வலது கை வரலன்னு தெரிஞ்சதும் ரெண்டு நாள் எங்கூடப் பேசல. ஃபேக்டரில தெரிஞ்சா அவர் பேரே போய்டும். அப்புறம் அவரே வந்து, எழுதினத அழிக்காத, அப்படியே எடுத்துனு போன்னார். இப்ப ஃபேக்டரில ரெண்டு கையாலயும் பாக்கறார். யாராச்சும் கேட்டா வலது கை வலிக்குதுன்றார். நீங்க இத அவர் பொய்யா எழுதிக் குடுத்தார்னு போட்டிருக்கீங்க. இத நான் வீட்ல எப்படிப் போய்ச் சொல்றது?"

நான் பேனாவை மூடித் திறந்தேன்.

"பாத்தாலே தெரியும்னு சொன்னீங்க இல்ல சார். இது வரைக்கும் எத்தன ப்ராஜெக்ட் பாத்திருப்பீங்க?"

"இருநூறு இருக்கும்."

"எத்தன வாட்டி தப்பாச்சு?"

"ஒரு வாட்டிகூட ஆனதில்ல."

"ஆனதில்லயா சார், எண்ணலயா?"

மேடம் டஸ்டரை மேசையில் வைத்தார். "மகேந்திரன், இது அடிச்சு சொல்ற விஷயம் மாதிரி இருக்கே" என்றார். "முபஷ்ஷிரா, உனக்கு மத்தியானம் வரைக்கும் டைம். எப்படிப் பாப்ப?"

நான் சம்மதித்தேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சம்மதித்திருப்பேன். பத்து நிமிடத்தில் முடியும், அப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்காருவார்கள் என்று நினைத்தேன்.

லேப் பரண் மேல் போன வருட ப்ராஜெக்டுகள் கிடந்தன. அவை வந்தது மேடம் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பு, எரிமலையும் காற்றாலையும் கொடிகட்டிப் பறந்த காலத்தில். கொண்டுவந்த பெண்கள் இப்போது பத்தாம் வகுப்பில், மாடியிலேயே இருந்தார்கள். முபஷ்ஷிரா இருபதை எடுத்து எண் ஒட்டினாள். ஒவ்வொரு அக்காவிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, உண்மையில் தானே செய்ததா, வேறு யாராவது செய்ததா என்று மட்டும் எழுதி மடித்துப் போடச் சொன்னாள். பெயர் வேண்டாம், எண் போதும். சீட்டை டீச்சர்கள் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று டப்பாவை நித்யஸ்ரீ மடியில் வைத்துக் காவல் உட்காரவைத்தாள். இவ்வளவு முன்ஜாக்கிரதையைப் பார்த்தபோது, இவள் என்னைவிடச் சந்தேகப் பேர்வழி என்று எனக்கு முதல் தடவையாகப் பட்டது.

பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தோம். முதல் பத்துக்கு, ப்ராஜெக்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்த பெண்ணும் வந்து நின்றாள். நான் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து, பிள்ளை, கடை, கடை, அப்பா என்று சொல்லிக்கொண்டே போனேன். அடுத்த பத்துக்கு மேசையில் ப்ராஜெக்ட் மட்டும்தான். ஆள் கிடையாது.

"இவங்கல்லாம் எங்க?" என்றேன்.

"மாடிலதான் சார் இருக்காங்க. வர வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"சும்மா சார்."

அந்தப் பத்திலும் முன்னைப்போலவே தயங்காமல் சொன்னேன். ஏழு நொடிகூட ஆகவில்லை. நித்யஸ்ரீ சீட்டுகளைப் பிரித்து எண்ணை வாசிக்க, முபஷ்ஷிரா கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, சரி பக்கமும் தப்புப் பக்கமும் குறித்துக்கொண்டே வந்தாள். வகுப்பு முழுக்க நகர்ந்து முன்னால் வந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் போகவில்லை.

ஆள் நின்ற பத்தில் எட்டு சரி.

நான் வகுப்பைப் பார்த்துத் தலையசைத்தேன். எட்டு என்பது மோசமில்லை. தப்பான இரண்டில் ஒன்று, கேள்வி கேட்டாலே அழுதுவிடும் ஒரு பெண் தானே செய்த சோலார் அடுப்பு.

ஆள் இல்லாத பத்தில் நான்கு சரி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"குருட்டாம்போக்குல சொன்னாலே அஞ்சு வரும்" என்று முன் பெஞ்சில் ஒரு குரல் மெதுவாகக் கணக்குப் போட்டது.

முபஷ்ஷிரா சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "சார், நீங்க ப்ராஜெக்ட்டப் பாக்கறதே இல்ல. எங்க மூஞ்சியதான் பாக்கறீங்க. பயந்தவளா இருந்தா வேற யாரோ செஞ்சதுன்றீங்க. செவ்வாக்கெழம நான் வாணியம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டேன். என் மூஞ்சி இல்ல. அதான்."

நான் கடைசி முயற்சி ஒன்று செய்தேன். "இருபது ரொம்பக் கம்மி. இத வெச்சு ஒரு முடிவுக்கு வரமுடியாது."

"கரெக்ட் சார்" என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். "பரண்ல இன்னும் இருவது இருக்கு. எடுக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

சௌமியா மேடம் எல்லோரையும் சாப்பிட அனுப்பினார். பட்டியலை என் முன்னால் வைத்துவிட்டு, "நான் எதுவும் சொல்லப்போறதில்ல. குறிப்பு உங்க பேர்ல போகுது. திருத்தினா திருத்தினவர் கையெழுத்தும் காரணமும் வேணும், ஆபீஸ்ல அதான் ரூல். மூணு மணி" என்றார். அவரும் டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லேபில் நானும் தெர்மாகோல் எரிமலைகளும் இருந்தோம். ஷூ டப்பாவைத் திறந்து இரண்டு துண்டை எடுத்தேன். எண் தெரியாதபடி திருப்பி, கண்ணை மூடி, வலது கையால் தொட்டேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இடது கையால் தொட்டேன். அப்போதும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் ஒருவர், தன் எந்தக் கை அதைச் செய்கிறது என்று தெரியாமலே பதினைந்து வருடம் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு பதிலை எந்தக் கடையில் விற்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

'பெற்றோர் செய்தது. தகுதி இல்லை' என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன். 'மாணவி செய்தது. அனுப்பலாம்' என்று எழுதினேன். காரணம் எழுதும் கட்டம் தபால்தலை அளவுதான் இருந்தது. 'கணித்தவர் தவறு. பத்துக்கு நான்கு' என்று சின்ன எழுத்தில் எழுதினேன். யாருக்காவது புரியாமல் போகலாம் என்று 'கணித்தவர்' மேல் ஒரு அம்புக்குறி போட்டு 'மகேந்திரன்' என்றும் எழுதினேன்.

பட்டியலைக் கொண்டுபோகக் கிளம்பியபோதுதான் மற்ற பத்துப் பெயரும் கண்ணில் பட்டது. அதில் செவ்வாய்க்கிழமை வராதவர்கள் இன்னும் இரண்டு பேர். நான்தான் அவர்களையும் ஏழு நொடியில் முடித்திருந்தேன். மணி ஒன்றேகால். வராந்தாவில் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, "சாப்ட்டு முடிச்சிட்டு நோட்ட எடுத்துனு வாங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க, கேக்கறேன்" என்றேன். இரண்டு பேரும் பயந்த மாதிரிதான் இருந்தார்கள். அந்தப் பயத்தை வைத்து எதையும் முடிவு செய்யாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் வரும் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். செல்வகுமார் எட்டிப் பார்த்து, "சாப்பிட வரல?" என்றான். நீ போ, வர்றேன் என்றேன். அவன் படி இறங்கும் சத்தம் முழுக்க அடங்கிய பிறகு, என் பி.எட். பயிற்சிப் பதிவேட்டைத் திறந்து, காலியாக இருந்த கடைசிப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். கோடு நடுவில் விழவில்லை. தப்புப் பக்கம் கொஞ்சம் அகலமாக வந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.